குருவிமலைத் துறைமுகம்

கடல் மட்டத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு அடி மேலே ஒரு துறைமுகம் இருந்தது, அதற்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு தொப்பி வைத்திருக்கிறேன். காக்கித் துணியில் தைத்து, நெற்றியில் பித்தளை நங்கூரம் குத்திய தொப்பி. என் மனைவி லெட்சுமி அதில் சின்ன வெங்காயம் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள். யாராவது கேட்டால் வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் காட்டுவோம்.

என் பெயர் ஆண்டியப்பன். இலங்கையில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில் கீழ்ப் பிரிவுக்குக் கணக்கப்பிள்ளை. அது ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்து நிர்வாகியான பெரியதுரை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவைத் திட்டுவார், கண்டாக்கையா என்னைத் திட்டுவார், நான் கொழுந்தெடுக்கும் பெண்களைத் திட்டுவேன், அவர்கள் என்னைத் திருப்பித் திட்டுவார்கள். நிர்வாகம் இப்படித்தான் நடந்தது. எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் கையெழுத்து. அச்சுக் கோத்தது மாதிரி இருக்கும். அதனால் தோட்டத்தில் யாருக்கு என்ன குறை என்றாலும் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள்.

எனக்கும் சொந்தமாக ஒரு மனு இருந்தது. 1951இல் பிரஜாவுரிமைக்குப் போட்டது. இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் பல் முளைத்து, இந்த மலையில் பல் விழ ஆரம்பித்த பிறகும் எந்த நாட்டுக்கும் நான் சொந்தமில்லை என்று நாற்பத்தெட்டில் சட்டம் போட்டிருந்தார்கள். அந்த மனு கிடைத்தால்தான் லெட்சுமிக்கும் எங்கள் மகள் பூரணிக்கும் ஒரு நாடு கிடைக்கும். இந்த நாட்டில் இடைவிடாமல், நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று நிரூபிக்க வேண்டும் என்று படிவம் நிரப்ப வந்தவர் சொன்னார். இடைவிடாமல் என்ற அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

1954இல் முசிறிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிப் போயிருந்த என் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. கப்பல் ஏறினால் இடைவிட்டுப் போகுமே என்று நான் போகவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் இங்கே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். தொழிலாளர் வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் சிலர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம் என்று எனக்கே பட்டது. ஆனாலும் பிரஜாவுரிமை வந்துவிட்டால் அப்பா மன்னித்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆதாரக் கடுதாசிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஏழு வருஷம் விசாரணைக்குக் காத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் தண்ணீர் வந்தது. மின்சாரத்துக்காக எங்கள் பள்ளத்தாக்கின் வாயில் சின்னதாக ஒரு அணை கட்டியிருந்தார்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று அளந்து சுண்ணாம்பு பூசிய முளைகளையும் அடித்திருந்தார்கள். 1957 ஆனியில் பெய்த மழைக்கு அந்த முளைகள் கண்ணில் படவில்லை. எங்கள் லயம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. பன்னிரண்டு காம்பரா வீடு, ஒரு மாரியம்மன் கோயில், நாலு கொய்யா மரம். மேட்டையும் தோட்டத்தையும் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டுதான் இணைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு இறங்கிப் போனால் அந்தத் துண்டைக் காணவில்லை. அகலம் அறுபது அடி, நடுவில் ஒன்றரை ஆள் ஆழம்.

பெரட்டுக்கு நேரத்தில் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும். அதனால் தோட்டத்து மாட்டுப்பட்டியில் வேலை செய்த கந்தப்பன் மூங்கிலைக் கட்டித் தெப்பம் ஒன்று செய்தான். அதில் நாலு பேர் ஏறினால் இரண்டு பேர் நனைந்தார்கள். நாலு சவுக்கு மரத்தை வெட்டிப் போட்டால் ஒரே நாளில் பாலம் என்று நாங்கள் பெரியதுரையிடம் கேட்டோம். மரம் தோட்டத்துடையது, தண்ணீர் அரசாங்கத்துடையது, தண்ணீருக்கு மேலே மரம் போடுவது அரசாங்கத்தைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் என்று அவர் சொல்லிவிட்டார். அரசாங்கத்தைக் கேட்பதென்றால் மனு. மனு என்றால் நான்.

எங்கள் பக்கத்தில் மனுவுக்கு ஒரு மரியாதை உண்டு. பாலம் வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால், ஆண்டியப்பன் சோம்பேறித்தனமாக எழுதிவிட்டான் என்பார்கள். கேட்கிறவர்கள் கண்கலங்க வேண்டும். அதனால், மலையில் வாழ்ந்த யாங்கள் இன்று நாற்புறமும் அலைகடல் சூழ்ந்த ஒரு தீவாந்தரத்தில் தாய்தந்தையற்ற மதலைகளாகத் தத்தளிக்கிறோம் என்று எழுதினேன். லயத்து வாசலில் நின்று வாசித்தபோது கொழுந்தெடுக்கும் காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லெட்சுமி மட்டும் நான் கடலைப் பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள். மனுவுக்கு அழகு வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மலைநாட்டுக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோரில் அலைகடல் என்ற தலைப்பில் கோப்பு இல்லாதபடியால், மனு தீவுகளும் கரையோரமும் என்ற நிர்வாகப் பகுதிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. அந்தப் பகுதி சுறுசுறுப்பான பகுதி. அடுத்த வாரமே எங்கள் மேட்டைத் தீவு என்று அரசாங்க வர்த்தமானியில் போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பகுதியின் அதிகாரி துரைராசா ஐயா வந்து இறங்கினார்.

துரைராசா யாழ்ப்பாணத்தவர். நெடுந்தீவில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றி, கையில் தீவு நிர்வாக விதிகள் என்ற தடித்த புத்தகத்தோடு கரையில் நின்றார். பாலத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் கோபப்படாமல், குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"பாலம் போட்டால் இது தீவில்லை எண்டு ஆயிடும். தீவில்லையெண்டால் உங்கடை மனு எங்கடை பகுதிக்கு உரியதில்லை. எங்களுக்கு உரியதில்லாத மனுவுக்கு நாங்கள் எப்பிடிப் பாலம் போடுறது? விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்குதுங்க ஐயா என்றேன். பாலத்துக்குப் பதிலாக ஓடம் தருவதாகவும், ஓடம் வந்தால் துறை வேண்டும், துறை வந்தால் பொறுப்பாளர் வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டு போனார். இந்தத் தீவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மனுவை எடுத்துப் பார்த்து, நல்ல வடிவான எழுத்து என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்தேன். தற்காலிகமாக, பதில் துறைமுகப் பொறுப்பாளர் என்று நியமனக் கடிதமும், அதோடு தொப்பியும் கொடுத்தார்கள். சம்பளம் இல்லாத உத்தியோகம். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் லெட்சுமி முன்னால் நின்றேன். அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, மழைக்குக் காது நனையுமே என்றாள்.

நீர்கொழும்பிலிருந்து ஓடம் லாரியில் மலையேறி வந்தது. கந்தப்பன் ஓட்டியாக நியமிக்கப்பட்டான். மாட்டை ஓட்டியவனுக்கு இதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதோடு நிர்வாகம் தொடங்கியது.

தீவுகளில் குடிநீர்த் தட்டுப்பாடு இருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆகவே தீவைச் சுற்றியுள்ள நீரைக் குடிக்கக் கூடாது, பெருநிலத்திலிருந்து பீப்பாயில் நல்ல தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு. கந்தப்பன் தினமும் பெருநிலத்துக் கரையில் நின்று அதே தண்ணீரை வாளியால் மொண்டு பீப்பாயை நிரப்பி, அறுபது அடி துடுப்புப் போட்டு எங்களுக்குக் கொண்டுவந்தான். நான் பீப்பாய் வந்து சேர்ந்ததைக் குறித்துக் கையொப்பம் வைத்தேன். காளியாயி எங்கள் கரையில் குடத்தை முக்குவதைக் கண்டால் விசில் ஊதினேன். விசிலும் அரசாங்கம் கொடுத்ததுதான்.

கடலின் வற்றுப் பெருக்கை நாளுக்கு இரண்டு தடவை அளந்து எழுத வேண்டும் என்றார்கள். எங்கள் தண்ணீர் அணைக்காரன் கதவு திறந்தால் இறங்கும், மூடினால் ஏறும். அவனுக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் அசையாது. இதை அப்படியே எழுதியதற்கு, கடலின் போக்கில் அணைக்காரரைச் சம்பந்தப்படுத்த வேண்டாம் என்று கண்டித்து எழுதினார்கள். கொழும்பிலிருந்து ஒரு அட்டவணையும் அனுப்பினார்கள். அதன் பிறகு அட்டவணையைப் பார்த்து எழுதினேன். பாராட்டு வந்தது.

மீனும் அப்படித்தான். மூன்று மாதம் மீன்பிடி இல்லை என்று எழுதினேன். தீவார் மீனை மறைப்பதாகச் சந்தேகம் எழுந்திருக்கிறது என்று கடிதம் வந்ததும் பயந்துபோய், கொஞ்சம் நெத்தலி என்று எழுதினேன். துரைராசா அதைப் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கி அறுக்குளா என்று ஒரு பெரிய கடல்மீனாகத் திருத்தினார். மலையில் நல்ல மீன் கிடைக்காமல் அவர் வாடிப் போயிருந்தார் பாவம். அந்தச் சொல்லை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு ஊர் இருந்தது, அது தூரத்தில் இருந்தது என்று அன்றைக்கு எனக்கு அவர் மேல் பிரியம் வந்தது. அதனால் அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் செய்தேன்.

இதெல்லாம் எங்களுக்குத் தொந்தரவில்லை. தொந்தரவு ஓடப் பதிவேட்டில் இருந்தது. காலையில் ஓடம் ஏறும் ஒவ்வொருவருடைய பெயர், வயது, புறப்பட்ட கரை, சேரும் கரை ஆகியவற்றை எழுத வேண்டும். கடைசியாக, எந்த நாட்டவர் என்று ஒரு பத்தி. எங்கள் லயத்தில் வேலைக்குப் போகிறவர்கள் இருபத்தாறு பேர். நாங்கள் எல்லாரும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள். பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. மீன் விஷயத்தில் எழுதினேன், அது வேறு. இருபத்தாறு பேருக்கும் அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன்.

காலியான பத்திகள் கொழும்புவரை போய், புரட்டாசியில் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தன. அவர் தோட்டத்துக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காளியாயியும் மற்றப் பெண்களும் கூடையோடு ஓடத்திலிருந்து இறங்கினார்கள். எந்த நாடு என்று சிங்களத்தில் கேட்டார். இவர்களும் நல்ல சிங்களத்தில், குருவிமலை என்று சொன்னார்கள். கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். காளியாயி ரேஷன் புத்தகத்தைக் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார்: படகில் வந்து இறங்கினார்கள், எந்த நாட்டவரும் இல்லை, பத்திரம் இல்லை. அட்டன் கடைவீதியில் சண்டை வந்தால் எங்களைக் கள்ளத்தோணி என்று ஏசுவார்கள். தண்ணீர் ஏறும்வரை எங்களில் ஒருவரும் தோணியைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது அரசாங்கமே ஒன்றைக் கொடுத்து, அதில் ஏறி வந்ததற்கு எங்களைப் பிடித்தது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அழுத பெண்களைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்தது. அவர் பேசியதைத் துரைராசா தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

"நாங்கள் ஆரையும் துன்பப்படுத்திறேல்லை எண்டு ஐயா சொல்றார். பத்திரமில்லாமல் படகிலை வந்தால், எங்கையிருந்து வந்தினமோ அங்கை திருப்பி அனுப்புவம். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நீங்கள் அந்தத் தீவிலையிருந்து வந்தனீங்கள். அங்கையே அனுப்புறம். நாளைக்குத் திரும்பி வந்தால் அது உங்கடை பிழை."

எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டேன். விதிப்படி பொழுது சாய்வதற்குள் என்றார். பெரியதுரைக்கு ஆள் போனது. வேலை முடிந்து கொழுந்தை எடைபோட்ட பிறகு நாடு கடத்துவதில் தோட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது.

ஆக, அன்று முதல் நாங்கள் தினமும் காலையில் சட்டவிரோதமாக நாட்டுக்குள் புகுந்து கொழுந்தெடுத்தோம். மாலையில் அரசாங்கம் எங்களை நாடு கடத்தி வீட்டில் கொண்டுபோய் விட்டது. இதைப் பார்த்து யாரும் கலங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மாலையில் கந்தப்பன் வருவதும் வராததும் அவன் இஷ்டம். இப்போது பொழுது சாய்வதற்குள் கடத்தாவிட்டால் அவன் வேலை போய்விடும் என்பதால் ஐந்து மணிக்கே வந்து நின்றான். காளியாயி மலையில் பிந்திப்போன பெண்களைப் பார்த்து, நாடு கடத்த நேரமாச்சு, வாங்கடி என்று கூப்பிடுவாள்.

ஒரே ஒரு சிக்கல் நான். நான் தீவில் குடியிருப்பவன், எனக்கும் நாடு இல்லை. ஆனால் துறைமுகப் பொறுப்பாளன் என்ற முறையில் கடத்தும் அதிகாரியும் நான்தான். துரைராசா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னையும் நானே கடத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு சொன்னார். இருபத்தைந்து பேரையும் எழுதிவிட்டு, இருபத்தாறாவதாக என் பெயரை எழுதுவேன். நாடு கடத்தப்பட்டார் என்ற இடத்தில் ஒரு கையொப்பம், நாடு கடத்திய அதிகாரி என்ற இடத்தில் ஒரு கையொப்பம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று அதிகாரியின் கையொப்பத்துக்கு மட்டும் கீழே ஒரு சுழி போட்டேன்.

லெட்சுமிக்கு அந்தப் பதிவேடு பிடிக்கவில்லை. எதுக்கு இதுல நம்ம பேரத் தெனமும் எழுதுறீங்க, எழுதுனது ஒரு நாளைக்கு வந்து நிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அரசாங்க உத்தியோகம் பார்ப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை இன்றைக்கு எழுதும்போது காது சுடுகிறது.

தை பிறந்ததும் மழை நின்றது. மாசியில் தண்ணீர் இறங்கி, மூழ்கிய நிலத்துண்டு சேறும் வெடிப்புமாக மேலே வந்தது. ஓடம் நடுவில் தரை தட்டி நின்றுவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம். இனி நடந்தே போகலாம் என்று துரைராசாவிடம் சொன்னேன். அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு, வர்த்தமானியில் போட்டதை வெயில் மாற்ற முடியாது என்றார். துறையைத் தவிர வேறு வழியாக நுழைவது இன்னும் பெரிய குற்றமாம். ஆகவே ஓடத்தைச் சேற்றில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பலகைப் படி வைத்தோம். ஒரு பக்கம் ஏறி, உட்கார்ந்து, பெயரைப் பதிந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். கந்தப்பன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். பீப்பாயையும் தோளில் தூக்கிவந்து ஓடத்தில் ஒரு நிமிஷம் வைத்து எடுத்தான். நான் தொப்பியோடு நின்று ஒருவரையும் சேற்றில் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதில் கண்டிப்பாகவே இருந்தேன்.

பங்குனி முதல் வாரத்தில் விசாரணைக் கடிதம் வந்தது. ஏழு வருஷம் காத்திருந்த கடிதம். அட்டனில், காலை ஒன்பது மணிக்கு. லெட்சுமி மாரியம்மனுக்கு விளக்கு வைத்தாள், பூரணி என் கோட்டைத் துவைத்துக் காயவைத்தாள். லெட்சுமி பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்து, இத மட்டும் கொண்டுபோங்க, வேற எதுவும் வேணாம் என்றாள். நான் தலையாட்டிவிட்டு, ஓடப் பதிவேட்டையும் அக்குளில் செருகிக்கொண்டேன். அரசாங்கத்துக்கு உழைப்பவன் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? தொப்பியும் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் எழுந்து இடம் கொடுத்தார், எதற்கென்று அவருக்கும் தெரியாது.

விசாரணை அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக அம்பலவாணர் என்ற வயதான யாழ்ப்பாணத்தவர் இருந்தார். டின்னிலிருந்த கடுதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பிறந்த பதிவு, பள்ளிக்கூடச் சான்று, தோட்டத்துக் கடிதங்கள். அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். வேறு ஏதும் காட்ட இருக்கிறதா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். நான் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

அம்பலவாணர் பக்கங்களைப் புரட்டினார். என் எழுத்தைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். பாராட்டவும் செய்தார்.

"வடிவான எழுத்து. இது உம்மடையோ?"

"என்னோடதுதாங்க ஐயா."

"இதிலை ஒவ்வொரு பின்னேரமும் உம்மை நாடு கடத்தினதெண்டு இருக்கு. அதிகாரி கையொப்பமும் இருக்கு. நூற்று முப்பத்தெட்டுத் தரம்."

"அது வீட்டுக்குத்தாங்க ஐயா. அறுபது அடி தள்ளி. இப்ப தண்ணிகூட இல்லீங்க."

அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி பேனாவை மூடினார். தீவு இலங்கைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது தன்னுடைய கேள்வி இல்லை, அது தீவுகள் பகுதியின் கேள்வி என்றார். தான் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த நாட்டிலிருந்து நூற்று முப்பத்தெட்டுத் தரம் கடத்தப்பட்ட ஒருவர் இதில் நிரந்தரமாக இடைவிடாமல் குடியிருப்பவர் ஆவாரா? அதுவும் அத்தாட்சி அவருடைய கையெழுத்திலேயே இருக்கும்போது?

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். என் அப்பா செத்ததற்குக்கூட நான் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை, தந்தி டின்னுக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அதிகாரி தந்தியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அம்பலவாணரிடம் மெல்ல ஏதோ சொன்னார். அம்பலவாணர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

"அதுக்குப் போய் வந்திருக்கலாமாம். ஒரு வருசத்துக்குக் குறைவாப் போய் வந்தால் சட்டம் அதை இடைவெளியாக எடுக்காது. நாடு கடத்தினதுக்குத்தான் மன்னிப்பில்லையாம்."

பஸ்ஸில் திரும்பி வந்ததெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. கரைக்கு வந்தபோது ஐந்து மணி. வெடித்த சேற்றின் நடுவில் ஓடம் நின்றது, கந்தப்பன் துடுப்போடு உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்த பெண்கள் கூடைகளோடு எனக்காகக் காத்திருந்தார்கள், என்னால்தானே அவர்களைக் கடத்த முடியும். அவர்களோடு நின்ற லெட்சுமி என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஆனாலும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். பதிவேட்டைக் காட்டியதைச் சொன்னேன். கடைசியில் அதிகாரி சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப மாமா சாவுக்கு நீங்க போயிருக்கலாமா?" என்று லெட்சுமி கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்த அழுகை அது, எல்லார் முன்னாலும் நின்று அழுதேன். காளியாயி கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஓடத்தில் ஏறவில்லை. சேற்றில் இறங்கி நேராக நடந்து போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள். கந்தப்பன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு அவர்களோடு போய்விட்டான். என் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

லெட்சுமி மட்டும் நின்றாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம். நடந்தே போவோம்" என்றாள்.

இன்றைய பக்கத்தை முடிக்காமல் எப்படி வருவது என்று கேட்டேன். நான் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பக்கம் காலியாக இருப்பதுதான் உறுத்தியது. ஆறு மாதத்தில் ஒரு பக்கமும் நான் காலியாக விட்டதில்லை. லெட்சுமி என் கையிலிருந்த தொப்பியை வாங்கினாள்.

"இது வெங்காயம் போட ஆவும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் படியேறி ஓடத்தில் உட்கார்ந்தேன். பதிவேட்டை மடியில் விரித்து, தேதி போட்டு, என் பெயரை வழக்கம் போலத் தெளிவாக எழுதினேன். நாட்டின் பத்தியைக் காலியாக விட்டேன். நாடு கடத்தப்பட்டவர் என்ற இடத்தில் ஒரு கையொப்பமும், கடத்திய அதிகாரி என்ற இடத்தில் சுழியோடு இன்னொரு கையொப்பமும் வைத்தேன். இன்று கடத்தப்பட்டவர் மொத்தம் ஒருவர் என்று எழுதி, அடியில் கோடு போட்டு, பொழுது சாய்வதற்குள் மறுபக்கம் இறங்கி வீட்டுக்குப் போனேன்.